வெளியுறவு படிக்கப் போகிறீர்களா?

ரஷ்யாவின் கச்சா எண்ணெய்க்கும் திருப்பூர் பனியனுக்கும் என்ன சம்பந்தம்? 2025 ஆகஸ்டுக்கு முன்பு இப்படிக் கேட்டிருந்தால் விடுகதை போடுவதாக நினைத்திருப்பார்கள். அந்த மாதம் 27-ம் தேதி முதல், இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அதில் சரிபாதி, ரஷ்யாவிடம் இந்தியா எண்ணெய் வாங்குவதற்காகப் போட்ட தண்டம். போர் நடப்பது உக்ரைனில். முடிவெடுத்தவர் உட்கார்ந்திருப்பது வாஷிங்டனில். எண்ணெய் வாங்கலாமா வேண்டாமா என்ற பேச்சு நடப்பது டெல்லியில். ஆர்டர் கைநழுவிப்போய்க் கையைப் பிசைந்து நின்றவர்கள் திருப்பூரில்.

இந்த ஊர்களை ஒரு கோட்டில் வைத்துப் பார்க்கப் பழக்கும் படிப்புக்குப் பெயர் சர்வதேச உறவுகள். மாணவர்கள் சுருக்கமாக ‘ஐ.ஆர்.’ என்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை முதுகலைக்குப் போனால்தான் இந்தப் பெயரே காதில் விழும். இப்போது பிளஸ் டூ முடித்த கையோடு சேரலாம் என்று பல பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. பள்ளியில் மாடல் யு.என். என்ற ஐ.நா. மாதிரிப் போட்டிக்குப் போய் ‘பாயின்ட் ஆஃப் ஆர்டர்’ சொல்லிப் பழகிய பிள்ளைகள், வீட்டில் இன்ஜினீயரிங் வேண்டாம், இதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். அப்பா அம்மாவுக்கு இருப்பது ஒரே கேள்வி: “இதைப் படிச்சா என்ன வேலைக்குப் போவ?”

அந்தக் கேள்விக்கு வருவோம். அதற்கு முன்பு, வகுப்பறைக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஏனென்றால், சேருபவர்களில் பாதிப் பேர் ஏமாறுவது அங்கேதான்.

கோட்டும் இல்லை, கொடியும் இல்லை

கல்லூரிக் கையேட்டின் அட்டையில் ஜெனீவா ஏரி இருக்கும். உள்ளே வரிசையாகப் பறக்கும் கொடிகள், கோட்டு போட்ட இளைஞர்கள், ஒரு பூமி உருண்டை. முதல் செமஸ்டர் வகுப்பில் இதில் எதுவும் இல்லை. அங்கே இருப்பது கி.மு. 416-ல் ஏதென்ஸ் படை மீலோஸ் என்ற சின்னத் தீவை முற்றுகையிட்ட கதை. ‘எங்களை நடுநிலையாக இருக்க விடுங்கள், நியாயம் எங்கள் பக்கம்’ என்று தீவுக்காரர்கள் மன்றாடுகிறார்கள். நியாயம் பேசுவதற்குச் சம பலம் வேண்டும் என்கிறது ஏதென்ஸ். தீவு பணியவில்லை. ஊர் விழுந்ததும் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்த இந்த உரையாடலை உலகம் முழுக்க ஐ.ஆர். மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கிறார்கள். படித்துவிட்டு, தீவுக்காரர்கள் செய்தது வீரமா, விவேகமின்மையா என்று எழுத வேண்டும். ‘வீரம்’ என்று ஒரு வரியில் முடித்தால் மதிப்பெண் இல்லை.

பிறகு 1648-ன் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைகள். இரண்டு உலகப் போர்கள். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹான்ஸ் மார்கெந்தாவ் 1948-ல் எழுதிய தடித்த புத்தகம். நாடுகள் அதிகாரத்தைத் தேடித்தான் ஓடுகின்றன, மற்றதெல்லாம் மேல்பூச்சு என்பது அவர் கட்சி. 1979-ல் கென்னத் வால்ட்ஸ் வந்து, தலைவர்களின் குணத்தைப் பார்க்காதீர்கள், உலகத்துக்கு மேலே ஒரு போலீஸ் இல்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்றார். அந்த ‘போலீஸ் இல்லாத நிலை’க்கு என்ன பொருள் என்பதை நாடுகள்தாமே பழகிப் பழகி உருவாக்குகின்றன என்று 1992-ல் அலெக்சாண்டர் வெண்ட் திருப்பிப் போட்டார். இப்படி ஒருவர் கட்டியதை இன்னொருவர் இடிப்பதே முதல் இரண்டு ஆண்டுகளின் பாடம். வாரத்துக்கு நூறு பக்கம், நூற்றைம்பது பக்கம் ஆங்கிலத்தில் படித்தாக வேண்டும். படிக்காமல் வகுப்புக்குப் போனால் ஆசிரியர் பேசுவது தலையும் புரியாது, வாலும் புரியாது.

தமிழ்வழியில் படித்துவிட்டு வருபவர்களுக்கு இது பெரிய மலை. ஏறவே முடியாத மலை இல்லை. ஆனால் ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சேருவதற்கு முந்தைய கோடை விடுமுறையிலிருந்தே தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் கனமான கட்டுரைகளைப் படித்துப் பழக வேண்டும். வெளியுறவு பற்றித் தமிழில் வரும் நல்ல எழுத்து இன்னும் கைவிரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு பேராசிரியர் பதவியில் தொடங்கியது

ஐ.ஆர். என்ற பாடத்துக்குப் பிறந்த தேதி உண்டு. முதல் உலகப் போர் முடிந்து, செத்த பிள்ளைகளின் கணக்கு வந்துகொண்டிருந்த காலம். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் செல்வந்தர் குடும்பத்து டேவிட் டேவிஸும் அவருடைய இரண்டு சகோதரிகளும் அபெரிஸ்ட்வித் என்ற கடலோர ஊர்க் கல்லூரிக்குப் பணம் கொடுத்து, 1919-ல் உலகின் முதல் சர்வதேச அரசியல் பேராசிரியர் பதவியை உருவாக்கினார்கள். போரில் இறந்த மாணவர்களின் நினைவாக. இனி ஒரு போர் வராமல் தடுப்பது எப்படி என்று கண்டுபிடிப்பதுதான் அந்தப் பேராசிரியரின் வேலை. முதலில் வந்தவர் ஆல்ஃபிரட் சிம்மர்ன். சக பேராசிரியரின் மனைவியோடு ஏற்பட்ட காதலால் 1921-ல் ஊரைவிட்டே கிளம்ப நேர்ந்தது. 1936-ல் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஈ.எச்.கார். சமாதானம் பேசுபவர்களெல்லாம் தங்கள் வசதியையே உலக நீதி என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதி, பதவிக்குப் பணம் கொடுத்த டேவிஸின் தலையிலேயே குட்டினார். அந்தப் புத்தகம் வெளிவந்தது 1939-ல், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய அதே ஆண்டில்.

பாடப்புத்தகங்கள் சொல்லும் பிறப்புக் கதை இது. அதில் விட்டுப்போன கதைகளும் உண்டு. அமெரிக்காவில் இன்று புகழ்பெற்று விளங்கும் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழின் மூதாதை, 1910-ல் ‘இன வளர்ச்சி இதழ்’ என்ற பெயரில் தொடங்கிய ஒன்று. வெள்ளையர் மற்றவர்களை எப்படி ஆள்வது என்ற கவலையும் இந்தப் பாடத்தின் தொட்டிலில் கிடந்தது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. அபெரிஸ்ட்வித்தில் நாற்காலி போட்ட அதே 1919-ல், பினய் குமார் சர்க்கார் என்ற வங்காளி அறிஞர் அமெரிக்க அரசியல் அறிவியல் இதழில் இந்துக்களின் சர்வதேச உறவுக் கோட்பாடு பற்றிக் கட்டுரை எழுதினார். கௌடில்யரின் மண்டலக் கோட்பாடு அதில் வருகிறது. முதலாண்டு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். சிம்மர்னைத் தெரிந்திருக்கும், சர்க்காரைத் தெரிந்திருக்காது.

இந்தியாவில் இதற்கு அடித்தளம் போட்டவரின் கதை எனக்குப் பிடித்தமானது. பெயர் ஏ.அப்பாதுரை. சென்னை லயோலா கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தியவர். அவர் எழுதிய ‘தி சப்ஸ்டன்ஸ் ஆஃப் பாலிடிக்ஸ்’ 1942-ல் வந்தது. அரசியல் அறிவியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த புத்தகம். டெல்லியில் இந்திய உலக விவகாரக் கவுன்சிலின் செயலாளராகப் போனார். 1955-ல் அந்தக் கவுன்சிலின் சப்ரு ஹவுஸில் இந்திய சர்வதேச ஆய்வுப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். அந்தப் பள்ளிதான் 1970-ல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு (ஜே.என்.யு.) இணைந்து, இன்று நாடறிந்த சர்வதேச ஆய்வுப் புலமாக இருக்கிறது.

சரி, இதெல்லாம் வருவதற்கு முன்பு அப்பாதுரை எதை ஆராய்ந்தார்? கி.பி. 1000 முதல் 1500 வரை தென்னிந்தியாவின் பொருளாதார நிலை. சென்னைப் பல்கலைக்கழகம் 1936-ல் வெளியிட்ட ஆய்வு அது. கோயில் கல்வெட்டு, வணிகக் குழு, வரி, துறைமுகம் என்று ஐந்நூறு ஆண்டு வரலாற்றைத் தோண்டியவர்தான் நவீன இந்தியாவுக்கு வெளியுறவுப் படிப்பைச் சொல்லிக்கொடுக்க வந்தார். வரலாறு அடியில் இருந்தது, ஐ.ஆர். அதன்மேல் எழும்பியது. இன்றைய இளங்கலைப் படிப்புகள் பலவற்றில் நான் காணும் குறை இங்கேதான் இருக்கிறது. அடி இல்லாமல் மாடி கட்டுகிறார்கள்.

கச்சத்தீவை எப்படிப் படிப்பது?

ஐ.ஆர். வகுப்பு உண்மையிலேயே நன்றாக நடந்தால் அது எப்படி இருக்கும் என்பதற்கு நம் கடலையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் கச்சத்தீவு பற்றிக் கருத்து இல்லாதவர் கிடையாது. தேர்தல் வந்தால் அந்தத் தீவும் கடலிலிருந்து மேலே வரும். தீவை இலங்கை எல்லைக்குள் வைத்த ஒப்பந்தத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் 1974 ஜூனில் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தம் சில பக்கங்கள்தான். ஐந்தாவது ஷரத்து, இந்திய மீனவர்களும் யாத்ரிகர்களும் முன்புபோலவே விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. ஆறாவது ஷரத்து, இரு நாட்டுப் படகுகளுக்கும் ஒருவர் கடலில் மற்றவர் வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. மீன்பிடிப்பது அந்த உரிமைகளில் சேருமா? இதை வைத்து ஒரு மணி நேரம் வாதாடலாம். வாதாடி முடித்ததும் ஆசிரியர் 1976 மார்ச் 23 தேதியிட்ட இன்னொரு ஆவணத்தை மேஜைமேல் வைப்பார். மன்னார் வளைகுடா எல்லையை வகுத்த ஒப்பந்தத்தோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் மாற்றிக்கொண்ட கடிதம். ஒரு நாட்டுப் படகுகள் மற்ற நாட்டின் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அதே ஏற்பாட்டில்தான் கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிக்க வெட்ஜ் பேங்க் இந்தியா வசம் உறுதியானது. மேடைகளில் இது அவ்வளவாக வருவதில்லை.

இப்போது கோட்பாடு உள்ளே வரும். வால்ட்ஸ் 1959-ல் எழுதிய முதல் புத்தகத்தில் போரின் காரணங்களை மூன்று தளங்களில் தேடச் சொன்னார்: மனிதர், நாட்டின் உள்ளமைப்பு, நாடுகளுக்கு இடையிலான அமைப்பு. கச்சத்தீவை அந்த மூன்றிலும் வைத்துப் பார்க்கலாம். இந்திராவுக்கும் சிறிமாவோவுக்கும் இருந்த நட்பு ஒரு தளம். வங்கதேசப் போர் முடிந்த மூன்றாம் ஆண்டில், இலங்கையைப் பகைத்துக்கொள்ள விரும்பாத டெல்லியின் கணக்கு இன்னொரு தளம். நடுவில் இருக்கிறது நாட்டுக்குள் நடந்தது. 1974-ல் தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. 1976 ஜனவரி 31-ல் அந்த அரசு கலைக்கப்பட்டது. ஏழு வாரம் கழித்து வந்ததுதான் அந்தக் கடிதம். நாடு அப்போது நெருக்கடி நிலையில் இருந்தது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே மாணவருக்கு ஏதோ புரிய ஆரம்பிக்கும். ஆரம்பித்த இடத்தில் நல்ல ஆசிரியர் ஒரு தடை போடுவார்: ‘அடுத்தடுத்து நடந்தது என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடுமா? ஆதாரம் எங்கே?’

அடுத்து அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை. மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கரைக்கடல் எல்லைக்கு அப்பால் மீன்பிடிப்பது மத்தியப் பட்டியலில். வெளிநாட்டு ஒப்பந்தமும் மத்தியப் பட்டியலில். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 30 கி.மீ.; ஒரு நாட்டின் கரைக்கடலோ 12 கடல் மைல், அதாவது 22 கி.மீ. இருவர் பங்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடத்தில், யாருக்கும் சொந்தமில்லாத பொதுக்கடல் என்று ஒன்று கிடையவே கிடையாது. படகை எடுத்தவர் ராமேஸ்வரத்துக்காரர். அவருக்காகப் பேச வேண்டியவர் டெல்லியில் இருக்கிறார். இதைத்தான் ஐ.ஆர். நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன.

இன்னும் ஒரு படி கீழே இறங்கினால் விஷயம் சங்கடமாகிவிடும். இழுவை மடி எங்கிருந்து வந்தது? 1950-களில் நார்வே அரசின் உதவியோடு கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய திட்டம் இந்தியக் கடலோரத்துக்கு இயந்திரப் படகுகளை அறிமுகம் செய்தது. இறால் ஏற்றுமதியில் காசு கொட்டியதும் இழுவைப் படகுகள் பெருகின. கடலடியை வாரிச் சுரண்டும் மடி அது. எதிர்க்கரையில் வடஇலங்கை மீனவர்கள் உள்நாட்டுப் போர் முடியும் 2009 வரை கடலுக்குப் போக முடியாமல் கிடந்தார்கள். மீண்டும் வலையோடு வந்தபோது அவர்கள் கடலில் நம் இழுவைப் படகுகள் நின்றன. இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆக, இந்தச் சண்டையில் வலை இழந்து அழும் ஆளும் தமிழர், படகு பறிபோய் அழும் ஆளும் தமிழர். இந்தியா எதிர் இலங்கை என்று இரண்டு கட்டம் போட்டு விளக்கும் கோட்பாடு இந்த இடத்தில் கையை விரித்துவிடுகிறது. கோட்பாடு எங்கே உதவுகிறது, எங்கே உதவாது என்று சொல்லத் தெரிந்த மாணவர்தான் ஐ.ஆர். படித்தவர். மற்றவர் தேர்வு எழுதியவர்.

இவ்வளவும் பேசி முடித்ததும் நல்ல துறைகளில் ஒரு வேலை தருவார்கள். அமைச்சருக்கு ஒரே பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டும். பிரச்சினை மூன்று வரி. முன்னால் இருக்கும் வழிகள், ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டிய விலை. கடைசியில் உங்கள் பரிந்துரை. ‘இரு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டும்’ என்று எழுதினால் சிவப்பு மை விழும். யார், யாரோடு, எதை விட்டுக்கொடுத்து என்று கேட்பார்கள். முப்பது பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு பக்கம் கஷ்டம். மூன்றாண்டுப் படிப்பில் வாழ்நாள் முழுக்கச் சோறு போடும் திறமை ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மாடல் யு.என். பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. கூச்சம் போக அது நல்லது, மேடைப் பேச்சு வரும். ஆனால் ஒரு நாளில் தீர்மானம் நிறைவேறி எல்லாரும் கைதட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் அந்த விளையாட்டுக்கும், கச்சத்தீவுக் கடிதத்துக்கும் வெகுதூரம். கோப்பை வாங்கியதை வைத்து இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவரும் என்று முடிவெடுக்காதீர்கள்.

பெண்கள் எங்கே?

1989-ல் அமெரிக்க அறிஞர் சிந்தியா என்லோ ஒரு புத்தகத்தில் எளிமையாகக் கேட்டார்: உலக அரசியலில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? வாழைத்தோட்டத்தில், ராணுவ முகாமைச் சுற்றியுள்ள தெருக்களில், தூதரின் வீட்டு விருந்துக்குச் சமையல் ஏற்பாடு செய்யும் மனைவியாக. அவர்கள் உழைப்பு இல்லாமல் ராஜதந்திரம் ஒரு நாள்கூட ஓடாது என்று காட்டினார். இந்தப் பகுதிக்கு வகுப்பில் வெளிநாட்டு உதாரணமே தேட வேண்டாம். குடகில் பிறந்து, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சி.பி.முத்தம்மா, 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் (ஐ.எஃப்.எஸ்.) சேர்ந்த முதல் பெண். கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்க வேண்டும், குடும்பம் பணிக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று அன்று பெண்களுக்கு மட்டும் விதி. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த விதிகளை வெளுத்து வாங்கித் தீர்ப்பு எழுதினார். சட்டம், பாலினம், வெளியுறவு மூன்றும் சில பக்கத்தில் சந்திக்கும் அந்தத் தீர்ப்பை எல்லா ஐ.ஆர். மாணவரும் படிக்க வேண்டும்.

“என்ன வேலைக்குப் போவ?”

முதலில் ஐ.எஃப்.எஸ். யு.பி.எஸ்.சி. தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். ஐ.ஆர். படித்தவருக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த விருப்பப் பாடம் 500 மதிப்பெண்ணுக்கு இருக்கிறது. பொதுப் பாடத்திலும் வெளியுறவு வருகிறது. அந்த அளவுக்கு ஓர் அனுகூலம், அவ்வளவே. ஆண்டுக்கு எடுப்பது சில பத்துப் பேரைத்தான். இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் பட்டம் வாங்கியது வேதியியலில்; ஐ.ஆர். பிறகு ஜே.என்.யு.வில் படித்தது. அவருடைய தந்தை, திருச்சியில் பிறந்து இந்தியாவின் அணுசக்திச் சிந்தனைக்கு வடிவம் கொடுத்த கே.சுப்ரமணியம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்ததும் வேதியியல்தான். அப்பாவும் மகனும் ஒரே பாடம். ஐ.எஃப்.எஸ். ஒன்றையே மனதில் வைத்துக்கொண்டு ஆண்டுக்குப் பல லட்சம் கட்டி ஐ.ஆர். சேருவது வீண்செலவு.

அடுத்தது ஐ.நா. அதன் தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ தங்கும் செலவு நம்முடையது. இளம் அதிகாரிகளுக்கான ஒய்.பி.பி. தேர்வுக்கு 32 வயதுக்குள் இருக்க வேண்டும், இளங்கலைப் பட்டம் போதும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பட்டியலில் இருக்கும் நாட்டவர் மட்டுமே எழுத முடியும். அந்த ஆண்டுப் பட்டியலில் இந்தியா இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மற்ற பதவிகள் பெரும்பாலும் முதுகலையும் சில ஆண்டு அனுபவமும் கேட்கின்றன. கையேட்டில் இதெல்லாம் இருக்காது.

அப்படியென்றால் படித்தவர்கள் எங்கே போகிறார்கள்? பெரும்பாலோர் மேற்படிப்புக்குத்தான்: சட்டம், பொருளாதாரம், பொதுக்கொள்கை, ஐ.ஆர். முதுகலை. பட்டம் முடித்ததும் வேலை என்று பார்த்தால் பத்திரிகை, தொண்டு நிறுவனங்கள், திங்க் டேங்குகள், தூதரகங்களின் உள்ளூர்ப் பணிகள். இப்போது நிறுவனங்களும் தேட ஆரம்பித்திருக்கின்றன. உதிரிபாகம் எந்த நாட்டிலிருந்து வருகிறது, அங்கே அரசியல் எப்படி, எந்தத் தடை எப்போது வரும் என்று தெரியாமல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை நடத்த முடியாது. செங்கடலில் கப்பல்களைத் தாக்கினால் சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டியிருக்கும். கன்டெய்னர் வாடகை ஏறும். இதை முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தவருக்குச் சம்பளம் உண்டு. ஆனால் ஒன்று: அந்த இருக்கைக்கு வெறும் ஐ.ஆர். போதாது. கூடவே பொருளாதாரமோ புள்ளியியலோ, ஒரு பிராந்தியத்தைப் பற்றிய ஆழமான அறிவோ, அந்தப் பிராந்தியத்தின் மொழியோ வேண்டும். வெறும் கோட்பாட்டை வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனவரிடம் ‘உனக்கு என்ன தெரியும்?’ என்று கேட்டால் பதில் இருக்காது. ஐ.எஃப்.எஸ். அதிகாரிகளுக்கே பயிற்சியில் ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கே படிப்பது?

கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 1956-லேயே இதற்கென்று துறை தொடங்கியது. இளங்கலையும் உண்டு, அரசுக் கட்டணம். கேரள மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளங்கலையில் இந்தப் பாடம் இருக்கிறது. தனியாரில், சோனிபட்டில் 2011-ல் தொடங்கிய ஜிண்டால் சர்வதேச விவகாரப் பள்ளி போன்றவை இருக்கின்றன. கட்டணத்தைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேச வேண்டும். நம் ஊரில் முதுகலைக்குத்தான் வழி அதிகம். ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி, புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுத் துறை என்று போகலாம்.

என் கருத்தைக் கேட்டால், வீட்டில் பண வசதி குறைவாக இருக்கும் பிள்ளை அரசு கலைக் கல்லூரியில் வரலாறோ பொருளாதாரமோ அரசியல் அறிவியலோ படிக்கட்டும். பக்கத்தில் ஒரு வெளிநாட்டு மொழியை மூன்றாண்டும் விடாமல் படிக்கட்டும். ஐ.ஆர். முதுகலையில் வைத்துக்கொள்ளலாம். அப்பாதுரை போன வழியும் ஏறக்குறைய அதுதான். வசதி இருந்து, படிப்பு உதவித்தொகையும் கிடைத்து, இளங்கலையிலேயே ஐ.ஆர். சேருகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன்பு பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். வரலாற்றுத் தாள்கள் எத்தனை? புள்ளியியல் இருக்கிறதா? மொழி கட்டாயமா, விருப்பமா? தெற்காசியாவுக்கு எத்தனை செமஸ்டர்? முழுநேர ஆசிரியர்கள் யார், அவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள்? இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சீன அட்மிரல் செங் ஹே கொண்டுவந்தது, தேதி 1409, காலியில் 1911-ல் கிடைத்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. பொருட்களின் அளவு ஏறக்குறைய ஒன்றே. யாரோடு பழக வேண்டுமோ அவர்கள் மொழியில் எழுத வேண்டும் என்று அறுநூறு ஆண்டுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் கல்லூரிகளில் பிரெஞ்சு இருக்கிறது. ஜெர்மன், ஜப்பானிய வகுப்புகளும் வந்துவிட்டன. சிங்களம்? தேடித்தான் பார்க்க வேண்டும். முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாட்டின் நாடாளுமன்றப் பேச்சையும் பத்திரிகைகளையும் நேரடியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டுக் கல்வித்துறையில் அரிது. கச்சத்தீவு பற்றிக் கத்தத் தெரிந்தவர்கள் ஏராளம். ஆயிரம் கி.மீ.க்கு மேற்பட்ட கடற்கரையும், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று வீட்டுக்கு ஓர் உறவும் உள்ள மாநிலம் இது. இங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகமாவது, வரலாறும் பொருளாதாரமும் அடியில் போட்டு, சிங்களமும் மலாயும் அரபும் கற்றுத்தரும் ஐ.ஆர். இளங்கலையை, ஏழைப் பிள்ளையும் சேரும் கட்டணத்தில் தொடங்க வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.